வகுப்பறையில் ஓர் இசையமைப்பாளர்



இந்தப் பொழிவுக்கு என்னை அழைத்தபோது பொறுப்பாளர்கள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். இசையைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் நம் இசையின் பெருமையை நாமே மெச்சிக்கொண்டு கலைந்துபோகும் கூட்டமாக இது ஆகிவிடக் கூடாது என்றார்கள். நல்ல நிபந்தனை. ஆகவே இன்று மாலை உங்களைப் புடாபெஸ்டுக்கு அழைத்துப் போகிறேன்.

அந்த நகரின் பெஷ்ட் பகுதியில், இசையமைப்பாளர் லிஸ்ட் பெயரில் அமைந்த சதுக்கத்தில், அவர் பெயரையே தாங்கிய இசை அகாதெமி இருக்கிறது. அங்கே 1967 முதல் ஜ்யோர்ஜ் குர்தாக் என்பவர் கற்பித்தார். 1986இல் முறைப்படி ஓய்வு பெற்றார். அதன் பிறகும் 1993 வரை வகுப்பை விடவில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பா தந்த முதன்மையான இசையமைப்பாளர்களைப் பட்டியலிடும் எவரும் அவரை விட்டுவிட மாட்டார்கள். ஆனால் அத்தனை ஆண்டுகளில் அவர் அங்கே இசையமைப்பு கற்பிக்கவே இல்லை. முதலில் பால் கடோஷாவுக்கு உதவியாளராகப் பியானோ வகுப்பில் இருந்தார். பிறகு சேம்பர் இசைப் பேராசிரியர் ஆனார். வயலின், செல்லோ, கிளாரினெட், பியானோ என்று ஆளுக்கொரு கருவியோடு வரும் இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து வாசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை.

அவரைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த வேலையை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். எழுத்தாளர் ஒருவர் தபால் இலாகாவில் வேலை பார்த்தார் என்று சொல்வதுபோல. எனக்கு அதில் உடன்பாடில்லை. குர்தாக்கின் இசை அந்த வகுப்பறையில் உருவானது. அந்த வகுப்பை எடுத்துவிட்டால் அவர் எழுதியவற்றில் பாதிக்குக் காரணமே விளங்காது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சாட்சியம்.

சேம்பர் இசை என்பதை இங்கே எல்லோரும் அறிந்திருப்பீர்கள் என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் தனித்து வாசிப்பதும் இல்லாமல், நூறு பேர் கோல் வீசுபவரைப் பார்த்து வாசிப்பதும் இல்லாமல், இடையில் இருக்கும் இசை அது. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர்; ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி; வழிநடத்த யாரும் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுதான் அதன் தலையாய வடிவம். கட்டிலை மாடிப்படி வழியாக இறக்கும் இருவரைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் இருப்பவருக்குப் படி தெரியாது; கையில் ஏறி இறங்கும் பாரத்தை வைத்துத்தான் முன்னால் இருப்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுகொள்வார். நால்வர் குழுவில் நடப்பது அதுதான். தன் பகுதியைத் தவறின்றி வாசித்துவிட்டாலே போதும் என்று நினைக்கும் மாணவரால் அங்கே ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

லிஸ்ட் அகாதெமிக்கு இதில் ஒரு பரம்பரை உண்டு. 1875இல் தொடங்கிய நிறுவனம் அது. இப்போதுள்ள அழகான கட்டடம் 1907இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1908இல், லேயோ வெய்னர் என்ற இளைஞர் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். அவரும் இசையமைப்பாளரே. ஆனால் அவர் பெயர் நிலைத்தது சேம்பர் இசை வகுப்பால். செல்லோ மேதை யானோஷ் ஷ்டார்க்கர், வயலின் கலைஞர் ஷாண்டோர் வேக், பின்னாளில் சிக்காகோ இசைக்குழுவை நடத்திய ஜார்ஜ் ஷோல்டி ஆகியோர் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள். கோல் வீசி நூறு பேரை ஆட்டிவைக்கும் தொழிலுக்குப் போன ஷோல்டிகூட, தாம் இசைக் கலைஞர் ஆனதற்கு வெய்னரின் வகுப்பைத்தான் காரணமாகச் சொன்னார். வெய்னர் 1928இல் நடத்துநரே இல்லாத இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோல் இல்லாமலும் ஒத்து இசைக்கலாம். காது திறந்திருந்தால் போதும் என்பது அந்த மனிதரின் கட்சி.

இன்னொரு பரம்பரையும் உண்டு. பேலா பார்டோக் அதே அகாதெமியில் 1907 முதல் 1934 வரை கற்பித்தார். எதை? பியானோவை. இசையமைப்பு சொல்லித்தரக் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார். அவர் தோழர் கோடாய் அதைக் கற்பித்தார். பார்டோக் அந்தப் பக்கமே போகவில்லை. பிள்ளைகளுக்கான பியானோ பாடங்களாக அவர் எழுதிய மிக்ரோகாஸ்மோஸ் தொகுதிகள் ஆறு. அதில் உள்ள பாடங்கள் 153. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்களில் ஒருவர் விரல் பழகும் குழந்தைக்கு எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை.

குர்தாக் இந்த இரண்டு பரம்பரைக்கும் வாரிசு. அவர் பிறந்தது 1926 பிப்ரவரி 19இல், ருமேனியாவின் லுகோஜ் என்ற ஊரில், ஹங்கேரிய மொழி பேசும் குடும்பத்தில். 1945 செப்டம்பரில் நுழைவுத் தேர்வுக்காகப் புடாபெஸ்ட் வந்தார். தேர்வுக்குக் காத்திருந்த இடத்தில் இன்னொரு இளைஞரைச் சந்தித்தார். அவர் பின்னாளில் பெயர்பெற்ற இசையமைப்பாளரான ஜ்யோர்ஜ் லிகெட்டி. இருவரும் அங்கே வந்ததற்குக் காரணம் ஒன்றே. போர் முடிந்துவிட்டது, அமெரிக்காவிலிருந்து பார்டோக் திரும்பி வருவார், அவரிடம் படிக்கலாம் என்ற நம்பிக்கை. அந்த மாதம் 26ஆம் தேதி பார்டோக் நியூயார்க்கில் இறந்துபோனார். அகாதெமியின் மேல் கருப்புக் கொடி ஏறியதைப் பார்த்துத்தான் செய்தியை அறிந்ததாக லிகெட்டி பிற்பாடு எழுதினார். யாரிடம் படிக்க வந்தார்களோ அவரில்லாமலேயே இருவரும் படித்தார்கள்.

குர்தாக் அடுத்த ஆண்டு புடாபெஸ்டில் குடியேறினார். 1947இல் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மார்த்தாவும் பியானோ கலைஞர். குர்தாக் பியானோவிலும் சேம்பர் இசையிலும் 1951இல் பட்டம் பெற்றார். சேம்பர் இசையில் அவருக்கு ஆசிரியர் அதே லேயோ வெய்னர். இசையமைப்புப் பட்டம் அதற்கப்புறம், 1955இல்தான். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சேர்ந்து வாசிக்கக் கற்றார். பிறகு எழுதக் கற்றார்.

1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் வீதிகளில் இறங்கின. லிகெட்டி நாட்டைவிட்டு வெளியேறினார். குர்தாக் 1957இல் பாரிஸ் போனார். அங்கே இசையமைப்பாளர்கள் மெஸ்ஸியான், மிய்யோ ஆகியோரின் வகுப்புகளில் உட்கார்ந்தார். இசையமைப்பாளர் வெபர்னின் படைப்புகளைக் கையால் பிரதியெடுத்துப் படித்தார். ஆனால் எழுதப் பேனாவை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. முப்பது வயதைத் தாண்டிய மனிதர், கையில் இரண்டு பட்டம், தாம் இதுவரை எழுதியது எதுவும் செல்லாது என்று தோன்றிவிட்டது. மன அழுத்தத்தின் அடிமட்டத்துக்குப் போனார். தீக்குச்சிகளை ஒட்டி உருவங்கள் செய்துகொண்டிருந்தார் என்கிறார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் மரியான் ஷ்டைன் என்ற உளவியலாளர். கலைஞர்களோடு பழகியவர், ஹங்கேரியில் பிறந்தவர். பெரிதாக எதையும் எழுத நினைக்காதே, இரண்டு சுரத்தை ஒன்றோடொன்று சேர்த்துப் பார் என்பதுதான் அவர் கொடுத்த வைத்தியத்தின் சாரம்.

வைத்தியம் பலித்தது. ஊர் திரும்பி 1959இல் ஒரு நால்வர் குழுப் படைப்பை எழுதி அதற்கு ஓபஸ் 1 என்று எண் கொடுத்தார். அதற்கு முன் எழுதியவை இருந்தும், முப்பத்து மூன்றாம் வயதில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஆறு பகுதிகள், மொத்தம் கால் மணி நேரம். மரியான் ஷ்டைனுக்குச் சமர்ப்பணம். மறுபிறப்பு எடுத்தவர் முதலில் தொட்ட வடிவம் சேம்பர் இசை என்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை.

பிழைப்புக்கு அவர் செய்த வேலையும் அதே திசைதான். பார்டோக் பெயரிலுள்ள இசை மேல்நிலைப்பள்ளியில் சில ஆண்டுகள், பிறகு தேசிய ஃபில்ஹார்மோனியாவில் 1968 வரை, கச்சேரி செய்யப்போகும் கலைஞர்களைப் பியானோவில் உட்கார்ந்து பழக்கிவிடும் பணி. மேடையில் இன்னொருவர் பாடுவார். அதற்குமுன் வாரக்கணக்கில் அவரோடு சுரம் சுரமாக உழைத்தவர் திரைக்குப் பின்னால் நிற்பார். பெயர் வராத வேலை. காது கூர்மையாகும் வேலை.

இனி வகுப்புக்குள் போவோம்.

அவரிடம் பயின்றவர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் விதவிதமாகச் சொல்கிறார்கள். ஒரு பீத்தோவன் நால்வர் படைப்பை முழுக்கத் தயார் செய்துகொண்டு வகுப்புக்குப் போவார்கள். முதல் சில சுரங்களைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிடுவார். திரும்பவும் வாசி. திரும்பவும். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், இன்னும் முதல் வரியில்தான் நிற்பார்கள். அவர் பாடிக் காட்டுவார், கையால் காற்றில் வரைவார், பியானோவில் போய்த் தட்டுவார், முனகுவார். சுரம் சரியாக இருக்கிறதா, தாளம் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு ஆரம்பப் பள்ளி விவகாரம். இந்தச் சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஏன் போகிறாய், போகும்போது என்ன இழுக்கிறது, உன் பக்கத்தில் இருப்பவள் வாசித்து முடித்ததற்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்பவைதான் கேள்விகள்.

அந்த வகுப்பில் பெரும்பாலும் ஒலித்தது பழைய இசைதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பீத்தோவன், ஷூபெர்ட், ஷூமன், பார்டோக். புதிய இசையின் முன்னோடி என்று உலகம் அறிந்தவர் மாணவர்களிடம் தம் சரக்கை விற்கவில்லை. பார்டோக் தமக்குத் தாய்மொழி, அந்தப் பார்டோக்குக்குத் தாய்மொழி பீத்தோவன் என்று அவர் சொல்வதுண்டு. ஹங்கேரிய மொழியில் எல்லாச் சொல்லுக்கும் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். அந்தப் பேச்சின் நடை பார்டோக்கின் தாளத்தில் இருக்கிறது. குர்தாக்கின் மெட்டுகளிலும் இருக்கிறது. வார்த்தை இல்லாத இசையையும் யாரோ யாரிடமோ சொல்லும் பேச்சாகவே அவர் நடத்தினார். கெஞ்சுகிறதா, கோபிக்கிறதா, தனக்குத்தானே முணுமுணுக்கிறதா? அது தெரியாமல் வில்லை நரம்பில் வைக்காதே.

ஸோல்டான் கோச்சிஷ், ஆண்ட்ராஷ் ஷிஃப் ஆகிய பியானோ கலைஞர்கள் அவர் கையில் வளர்ந்தவர்கள். 1975இல் அகாதெமி மாணவர்கள் நால்வர் தொடங்கிய தகாச் குவார்ட்டெட் அவரிடமும் அவருடைய சக ஆசிரியர் ஆண்ட்ராஷ் மிஹாயிடமும் பயின்றது; அந்தக் குழு இன்று உலகின் முன்னணி நால்வர் குழுக்களில் ஒன்று. வயலின் கலைஞர் ஆண்ட்ராஷ் கெல்லரும் அந்த வகுப்பிலிருந்து வந்தவரே.

இங்கே ஒரு வார்த்தை இடையில் சொல்லியாக வேண்டும். இந்த முறை எல்லா மாணவருக்கும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் இரண்டு சுரத்தில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளை அன்றிரவு கருவியை உறையிலிருந்து எடுக்கப் பயப்படலாம். ஆசிரியரின் அதிருப்திக்கு ஒரு எல்லை வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நம் ஊர் குருமார்களின் கடுமையைக் கதைகதையாகச் சொல்லி மகிழும் நமக்கு அந்தக் கடுமையில் உடைந்துபோனவர்களின் கதை கிடைப்பதில்லை, அவர்கள் மேடைக்கு வருவதில்லை. ஆனால் குர்தாக்கிடம் ஒரு வேறுபாடு உண்டு. அதே அதிருப்தியைத் தம் எழுத்தின்மேலும் காட்டினார். எழுதியதைத் திரும்பத் திரும்ப மாற்றினார், ஒத்திகையில் கேட்டபிறகு மீண்டும் மாற்றினார். மாணவர்களை எந்தத் தராசில் நிறுத்தினாரோ அதிலேயே தாமும் ஏறி நின்றார். யூதித் கேலே 1996இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. பெயர் 'தீக்குச்சி மனிதன்'. அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்க விரும்புவோர் தேடிப் பாருங்கள்.

வகுப்பிலிருந்து பிறந்த படைப்புகளில் எனக்கு முதன்மையாகப் படுவது யாத்தேகோக். விளையாட்டுகள் என்று பொருள். 1973இல் மரியான் தெயோகே என்ற பியானோ ஆசிரியை குழந்தைகளுக்கு வாசிக்க ஏதாவது எழுதித் தரக் கேட்டார். அந்தச் சமயம் குர்தாக்குக்கு மறுபடியும் எழுத்து ஓடவில்லை. கேட்டதற்காகத் தொடங்கியது நிற்கவே இல்லை. முதல் நான்கு தொகுதிகள் 1979இல் வெளிவந்தன, பிறகு பல பத்தாண்டுகள் வளர்ந்துகொண்டே போனது.

பியானோ கற்க உட்காரும் குழந்தைக்கு வழக்கமாக என்ன நடக்கும்? நடுவில் ஐந்து கட்டை, அதில் ஐந்து விரல், முதுகை நிமிர்த்து, மணிக்கட்டை இறக்காதே. குர்தாக் அந்தக் குழந்தைக்கு முதல் நாளே முழுப் பியானோவையும் கொடுத்துவிட்டார். உள்ளங்கையால் அடிக்கலாம், முட்டியால் அடிக்கலாம், முழங்கையை மொத்தமாகச் சாய்க்கலாம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரலால் வழித்துக்கொண்டே போகலாம். ஒரு துண்டு முழுக்க முழுக்க அந்த வழிப்பு மட்டுமே. இன்னொன்றில் மொத்தம் ஏழே சுரங்கள், பியானோவின் அகலம் முழுக்கச் சிதறிக்கிடக்கும்; மனிதன் ஒரு பூ என்று அதற்குப் பெயர். ஒரு குழந்தை அதை அரை நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். தேர்ந்த கலைஞருக்கு அதைச் சரியாக வாசிக்க ஆயுள் பிடிக்கும். முன்னுரையில் அவர் சொல்வதன் கருத்து இது: தாளில் உள்ள குறியீட்டை ரொம்பவும் பெரிதுபடுத்தாதே, அதே சமயம், உயிர் போகும் காரியம்போல் எடுத்துக்கொள்.

குறியீடு என்றதும் சொல்லவேண்டும். மேற்கத்திய இசையில் ஒரு சுரம் எத்தனை நேரம் ஒலிக்க வேண்டும் என்பது தாளிலேயே கணக்காக எழுதப்பட்டிருக்கும். யாத்தேகோக்கில் பெரும்பாலும் அந்தக் கணக்கு கிடையாது. இது நீளம், இது ரொம்ப நீளம், இது குட்டை, இங்கே கொஞ்சம் பொறு என்ற அளவில்தான் அடையாளங்கள். எவ்வளவு நீளம்? வாசிப்பவர் காது தீர்மானிக்க வேண்டும். அந்தக் காதை யார் தயார் செய்வது? ஆசிரியர். மேற்கத்திய இசை எழுத்து மரபு, நம்முடையது வாய்மொழி மரபு என்று மேடைதோறும் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். குர்தாக்கின் தாளை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவர் வாசித்தால் ஒன்றும் பெயராது. அவரிடமோ அவர் மாணவரிடமோ உட்கார்ந்து கேட்டால்தான் அது திறக்கும். அங்கேயும் இசை ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது. எழுதியது போதாது என்று அறிந்தே எழுதியவர் அவர்.

யாத்தேகோக்கை அவர் மேடைக்குக் கொண்டுவந்த விதம் இன்னும் விசேஷம். குர்தாக்கும் மார்த்தாவும் பல பத்தாண்டுகள் ஒரே பியானோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கையால் கச்சேரி செய்தார்கள். பளபளக்கும் நீண்ட கச்சேரிப் பியானோவில் இல்லை. வீடுகளில் சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரண நிமிர்ந்த பியானோவில், அதுவும் பயிற்சிக்காக ஒலியை அடக்கும் மிதியை அழுத்தி. பார்வையாளருக்கு அவர்கள் முதுகு மட்டும் தெரியும். யாத்தேகோக் துண்டுகளுக்கு நடுவே குர்தாக் நான்கு கைக்கு மாற்றி எழுதிய பாக் இசை வரும். இரண்டாயிரம் பேர் இருக்கும் அரங்கில் வீட்டுக் கூடத்தில் வாசிப்பதுபோல் வாசித்தார்கள். கேட்க வேண்டுமானால் நீ என்னிடம் வா என்பதுபோல. சேம்பர் இசையின் மிகச் சிறிய குழு அந்தத் தம்பதிதான். கையும் கையும் குறுக்கே போகும், ஒருவர் விட்ட கட்டையில் மற்றவர் விரல் வந்து இறங்கும். மார்த்தாவின் காதுதான் அவருக்குக் கடைசித் தீர்ப்பு. மார்த்தா 2019 அக்டோபரில் காலமானார்.

மற்றப் படைப்புகளைக் கொஞ்சம் விரைவாகவே பார்க்கலாம். 1977, 78இல் எழுதிய பன்னிரண்டு மைக்ரோலூட்கள் நால்வர் குழுவுக்கானவை. பன்னிரண்டு துண்டும் சேர்ந்தே பத்து நிமிடம்தான். சமர்ப்பணம் யாருக்கு? அடுத்த வகுப்பறையில் சேம்பர் இசை கற்பித்த ஆண்ட்ராஷ் மிஹாய்க்கு. 1989இல் முடித்த ஓஃபிகியும் ப்ரேவே என்ற நால்வர் குழுப் படைப்பு, மறைந்த இசையமைப்பாளர் எண்ட்ரே செர்வான்ஸ்கியின் நினைவுக்கு. பதினைந்து சின்னஞ்சிறு பகுதிகள். வெபர்னின் கடைசிப் படைப்பிலிருந்து ஓர் இழை, செர்வான்ஸ்கியின் செரனேடிலிருந்து ஓர் இழை. இறுதியில் அந்த செரனேட் பேச்சின் நடுவே நிறுத்தியதுபோல் அறுந்துவிடுகிறது. குர்தாக்கின் பட்டியலைப் பாருங்கள்: யாருக்காவது வணக்கம், யாருக்காவது அஞ்சலி, யாருக்காவது பிறந்தநாள் செய்தி. ஆசிரியர்கள், சக ஆசிரியர்கள், மாணவர்கள், இறந்தவர்கள். முகவரி இல்லாத கடிதம் அவர் எழுதுவதே அபூர்வம்.

1990இல் எழுதிய ஹோமாஜ் ஆ ஆர். ஷூ. என்பது ஷூமனுக்கு வணக்கம். கிளாரினெட், வியோலா, பியானோ. இந்த மூன்று கருவிக்கும் ஷூமனே எழுதியிருக்கிறார், மோட்சார்ட்டும் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த மூன்று கருவிக்காரர்கள் ஒன்றுசேரும் எந்தக் கல்விக்கூடத்திலும் இது இன்று பாடமாகிவிட்டது. முதல் ஐந்து பகுதிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். ஆறாவது மட்டும் நீண்ட விடைபெறல். அதன் கடைசி ஒலி கிளாரினெட்டுடையதும் இல்லை, வியோலாவுடையதும் இல்லை. கிளாரினெட் வாசித்தவர் ஒரு பெரிய முரசை மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார், முடிந்தது. அந்த ஒரு தட்டுக்கு எத்தனை ஒத்திகை தேவைப்படும் என்று வாசித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

காஃப்கா துணுக்குகளை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. காஃப்காவின் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் இருந்து பொறுக்கிய வாக்கியங்கள், நாற்பது துண்டுகள், ஒரு பெண் குரலும் ஒரு வயலினும் மட்டும், ஒரு மணி நேரம். 1987இல் ஜெர்மனியின் விட்டன் நகரில் முதன்முதலாக நிகழ்த்தியவர்கள் பாடகி அட்ரியென் செங்கெரியும் கெல்லரும். கெல்லர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். தம் வகுப்பில் உட்கார்ந்து அடிவாங்கிய ஒரு பையனின் கையை, காதை, பொறுமையை அங்குலம் அங்குலமாக அறிந்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடிய வயலின் பகுதி அது. டிராம் வண்டியில் நடக்கும் ஒரு காட்சியில் வயலின் கலைஞர் இரண்டு வயலின்களைக் கையாள வேண்டும்; ஒன்றுக்குச் சுருதி மாற்றிக் கட்டியிருக்கும். இடத்தைவிட்டு எழுந்து நடக்கவும் வேண்டும். வகுப்பறையில் மாணவர்களைப் பழக்கிய ஆசிரியருக்குத்தான் இப்படித் தோன்றும்.

1993க்குப் பிறகு பெர்லின், வியன்னா, நெதர்லாந்து என்று நகரங்கள் அவரை அழைத்து வைத்துக்கொண்டன. 1999 முதல் 2001 வரை பாரிஸில் இருந்தபோது அழைத்தவர்களில் அந்நகரின் கன்சர்வேட்டரியும் ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்றும் எழுதவராமல் தவித்த ஊரில், இப்போது மாணவர்களைச் சுற்றி உட்காரவைத்துத் தம் இசையைப் பழக்கினார். 2018இல், தொண்ணூற்றிரண்டு வயதில், பெக்கெட்டின் நாடகத்தை வைத்து எழுதிய முதல் ஆபரா மிலான் நகரின் லா ஸ்காலாவில் அரங்கேறியது. உலகச் செய்தி ஆனது. ஆபராவைவிட அந்த ஏழு சுரத் துண்டுதான் எனக்குப் பெரிது. இது என் சொந்த ருசி, விட்டுவிடுங்கள்.

இந்தக் கதையில் எனக்குத் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. தாளில் முழுசாக எழுதாத இசை, ஆசிரியரிடம் உட்கார்ந்தால் மட்டும் திறக்கும் இசை, அந்த ஆசிரியரின் தலைமுறை போனபிறகு என்ன ஆகும்? கோச்சிஷ் 2016இலேயே போய்விட்டார். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஆனால் ஒலிப்பதிவைப் பார்த்து வாசிப்பவர் விடையை மட்டும் காப்பியடிக்கிறார். கேள்வி அவருக்கு வருவதில்லை. வகுப்பில் இருந்தவர்கள் இப்போது தங்கள் வகுப்புகளில் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பதுதான் இருக்கும் ஒரே பதில். வெய்னர் வகுப்பில் கேட்டதைக் குர்தாக் கேட்டார். குர்தாக் வகுப்பில் கேட்டதைக் கெல்லர் கேட்கிறார். அந்தச் சங்கிலியில் எங்கே உடைந்தாலும் தாள் மிஞ்சும், இசை மிஞ்சாது என்றே நினைக்கிறேன்.

மேடையில் இருக்கும் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிதாக இசை எழுதுகிறவர்களை நீங்கள் விழாவுக்கு அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்புகிறீர்கள். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பைக் கொடுங்கள். இசையமைப்பு சொல்லித்தர வேண்டாம். பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்று தனித்தனி அறைகளில் தனித்தனியாகப் படிக்கும் உங்கள் மாணவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து ஒருவரையொருவர் கேட்கச் சொல்லித்தரட்டும். செலவு அதிகமில்லை, ஓர் அறையும் பொறுமையும் போதும்.

பின்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு: குர்தாக்கைக் கேட்கத் தொடங்க விரும்பினால் ஆபராவில் ஆரம்பிக்காதீர்கள். குர்தாக்கும் மார்த்தாவும் சேர்ந்து வாசித்த யாத்தேகோக் ஒலித்தட்டு இருக்கிறது. இசிஎம் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு மைக்ரோலூட்கள், கெல்லர் குவார்ட்டெட் வாசித்தது. அது பிடிபட்டால் காஃப்கா துணுக்குகளுக்குப் போகலாம். எதையும் வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். பத்து நிமிட இசைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.